காய்க்குக் காவல் உண்டு, காய் எடுப்பவருக்கு?

2019 ஆகஸ்ட் 3 அன்று வண்டன்மேட்டை அடுத்த புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்கு விலை போனது. அந்த விலையைப் பார்த்த மலை அன்றிலிருந்து தன் சரக்கைப் பத்திரமாகக் காக்கக் கற்றுக்கொண்டது. காயை உலர்த்தும் ஸ்டோர்களில் கண்காணிப்புக் கேமரா வந்தது. இரவுக் காவலாள் வந்தான். வேலிக்கம்பி இறுகியது. பச்சைக்காய் மூட்டை தோட்டத்திலிருந்து ஸ்டோருக்குப் போகும் வழிக்குக்கூடக் கணக்கு வந்தது. பொருளுக்கு உடையவன் பொருளைக் காப்பது நியாயம். அதைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

அந்தக் காயை எடுக்க மலையேறும் பெண்ணுக்கு இதே உரிமையாளர்கள் என்ன காவல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. போடிநாயக்கனூர் தொடங்கி போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை வரை எந்தத் தோட்ட வாசலில் நின்று இதைக் கேட்டாலும் நேரான பதில் கிடைப்பது அரிது. தன் நிலத்துக்குள் வரவழைத்த ஆளின் உயிருக்கும் மானத்துக்கும் தான் பொறுப்பு என்ற எண்ணமே பெரும்பாலான ஏலத்தோட்ட உரிமையாளர்களிடம் இல்லை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்தக் கண்டனம் எங்கோ தூரத்தில் இருப்பவர்களுக்கு உரியதன்று. மலை கேரளத்தில் இருந்தாலும் தோட்டக்காரர்களில் பலருக்கு வீடு போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் இதே மண்ணின் மக்கள். சில்லமரத்துப்பட்டி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், கோம்பை என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் தூக்குச்சட்டியோடு கிளம்பும் ஆயிரக்கணக்கான பெண்கள் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பொழுது சாய அதே வழியில் இறங்குகிறார்கள். ஒரே கோயில் திருவிழாவில் உரிமையாளர் முன்வரிசையிலும் தொழிலாளி பின்வரிசையிலும் நிற்கும் ஊர் இது. முகம் தெரியாத கம்பெனி என்று சொல்லித் தப்ப இங்கே யாருக்கும் இடமில்லை.

‘குற்றம் செய்தவன் வேறொருவன், நிலம் மட்டும்தான் என்னுடையது, நான் எப்படிப் பொறுப்பாவேன்?’ என்பது நில உரிமையாளர்கள் உலகெங்கும் சொல்லிவந்த வாதம். அது நீதிமன்றங்களில் தோற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. வாஷிங்டன் நகரத்தின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 1959-இல் ஒரு பெண் குடியேறியபோது வாசலில் இரவும் பகலும் காவலாள் இருந்தார். செலவைக் குறைக்கக் காவலைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துவிட்டார்கள். நடைவழியில் திருட்டும் தாக்குதலும் நடப்பது உரிமையாளருக்குத் தெரியும். 1966-இல் அந்தப் பெண்ணே தன் வீட்டு வாசலுக்கு வெளியே தாக்கப்பட்டார். தாக்கியவன் யாரோ ஒருவன்தான். ஆனால் ஆபத்து இருப்பது தெரிந்தும், அதைத் தடுக்கும் வசதி தன் கையில் மட்டுமே இருந்தும் சும்மா இருந்த உரிமையாளர் பொறுப்பாவார் என்று 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்து முன்கூட்டியே தெரிந்ததா, தடுக்கும் சக்தி யாரிடம் இருந்தது, இந்த இரண்டையும் வைத்தே அந்தத் தீர்ப்பு எழுந்தது.

இங்கிலாந்து 1957-லேயே இடத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு அங்கே வருபவர்மீது உள்ள கடமையைச் சட்டமாக எழுதிவிட்டது. இந்தியாவில் அப்படித் தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. அதை வைத்து நம் உரிமையாளர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். வெளியேறும் வழியை அடைத்துக் கூடுதல் இருக்கை போட்டு ஆதாயம் பார்த்த உரிமையாளர்கள் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2011-இல் தொகையைக் குறைத்தது, பொறுப்பை விடுவிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றுக்கு 1998-இல் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தித் தரச்சொல்லி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். வண்டி களவு போனது. சீட்டிலேயே ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருக்கிறோமே என்றது ஓட்டல். தன் காவலில் வந்த பொருளுக்குத் தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை ஒரு வரி அச்சடித்துத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. களவுபோன ஒரு காருக்கே உச்ச நீதிமன்றம்வரை சென்று இப்படி நியாயம் கிடைத்த நாட்டில், தோட்டத்துக்குள் ஆளுக்கு நேரும் தீங்குக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு எவ்வளவு நாள் செல்லும்?

பெண்களின் பாதுகாப்பில் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது; பணியிடத்தில் எதிர்ப்படும் வெளியாட்களிடமிருந்து காப்பதும் அதில் அடக்கம் என்று சேர்த்தே சொல்கிறது. வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு இருக்கிறது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ‘நான் சிறு விவசாயி’ என்பவருக்கும் இந்தச் சட்டத்தில் விலக்கில்லை.

ஏலத்தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. தேயிலைக் காட்டில் இடுப்பளவுச் செடிக்கு மேலே ஆள் தெரியும். ஏலக்காட்டில் தெரியாது. மேலே நிழல்மரம், நடுவே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் தட்டை, அடியில் தரையோடு படரும் சரம். காய் எடுக்கக் குந்தி உட்கார்ந்துவிட்டால் பத்தடி தள்ளி இருக்கும் இன்னொரு பெண்ணுக்குக்கூட இவர் இருப்பது தெரியாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கிறதா என்பது எவருக்கும் நிச்சயமில்லை. பல சரிவுகளில் செல்போன் கோபுரத்தின் வீச்சும் கிடையாது. ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாத தோட்டத்தில் அந்தப் பெண் இன்னும் உள்ளே, இன்னும் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. கழிப்பறை கட்டித்தருவது சுகாதாரத்துக்கு மட்டும்தான் என்று எண்ணும் உரிமையாளர், காவலுக்கும் அதுவே முதல்படி என்று உணர வேண்டும். சூப்பர்வைசரோ கங்காணியோ கைநீட்டினால் யாரிடம் சொல்வது? அடுத்தநாள் ஜீப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும் அவரேதான். உள்புகார்க் குழுவின் உறுப்பினர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தகரப் பலகையை எத்தனை தோட்ட வாசலில் காட்ட முடியும் என்று உரிமையாளர் சங்கங்கள் பதில் சொல்லட்டும்.

2022 மே மாதம் பூப்பாறையில், வேலைதேடி வந்த வடமாநிலக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தேயிலைத் தோட்டத்துக்குள் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானாள். தேவிகுளம் விரைவு நீதிமன்றம் 2024 ஜனவரியில் மூவருக்கு 90 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. குற்றம் செய்தவர்களுக்கு நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சரிவுகளில் ஒவ்வொரு தோட்டமும் தன் எல்லைக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் சின்னக்கானல் பக்கத்து ஏலத்தோட்டத்தில் உரிமையாளரும் தொழிலாளி ஒருவரும் கொலையுண்டு, அங்கே வேலை பார்த்தவரே கைதானதையும் இந்த மலை மறந்திருக்காது. புதிதாக வேலைக்கு வருபவரின் அடையாளத்தைப் பதிவு செய்து காவல் நிலையத்தில் தெரிவிக்கும் பழக்கம் உரிமையாளரின் உயிரையும் சேர்த்துத்தான் காக்கும். மூட்டைக்கு நம்பர் போடுகிற கை, ஆளைப் பதிவு செய்ய மட்டும் ஏன் தயங்குகிறது?

அடுத்து ஜீப். எட்டு ஒன்பது பேருக்கான வண்டியில் 15 பேருக்கு மேல் ஏற்றி, பின்கதவைத் திறந்துவைத்து, மூடுபனியில் விளக்கெரிய ஓடும் தோட்ட ஜீப்புகளை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை. இரண்டு டிரிப், மூன்று டிரிப் அடித்தால்தான் டிரைவருக்குக் கட்டுப்படி ஆகும். அதனால் வளைவில் வேகம். வண்டி தோட்டத்துடையதாக இருக்காது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. ஏற்றிப்போகும் கூலியாட்களுக்குக் காப்பீடு செல்லுமா என்பதே தகராறு. விபத்து நடந்தவுடன் உரிமையாளர் சொல்லும் முதல் வார்த்தை, ‘ஜீப் காண்ட்ராக்ட், எனக்குச் சம்பந்தமில்லை.’

சம்பந்தம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடியை அடுத்த கண்ணோத்துமலையில் ஜீப் பள்ளத்தில் உருண்டு, இலை பறித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒன்பது பெண்கள் இறந்தார்கள். போடிமெட்டுச் சாலையில் தினமும் ஓடுவது அதே வகை வண்டி, அதே வகைப் பயணம். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29 அன்று தெளிவாகச் சொன்னது. மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் இரவுக் காவலாளி, 2003-இல் வேலைக்குப் போகும் வழியில் இறந்தார். அவருடைய குடும்பம் 22 ஆண்டுகள் நடத்திய வழக்கு அது. காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளாக இருந்தாலும் முதன்மை வேலையளிப்பவர் இழப்பீடு தரவேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்த விதி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி என்றது அந்தச் சட்டம். தகுந்த காரணமில்லையென்றால் தொகையில் பாதிவரை தண்டமும் கூட. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயண விபத்தை எழுத்திலேயே சேர்த்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் முன்பு இரண்டு ஆண்டு வரைதான் சிறை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியிருக்கிறது. இந்தப் பிரிவைக் கையிலெடுக்கும் போலீஸ் அதிகாரி டிரைவரோடு நின்றுவிடக் கூடாது. அளவுக்கு மீறி ஆளேற்றுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டு, அதே வண்டிக்கு வாடகை கொடுத்தவரையும் விசாரிக்க வேண்டும்.

தங்கும் வீடுகளைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. 70 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் போன தமிழர்கள். மழையில் மின்சாரம் போய், தொலைத்தொடர்பு அறுந்துகிடந்ததால் செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. அந்த விடியல்வரை மண்ணுக்கு அடியில் உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த விசாரணையாலும் இனிச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-இல் சேர்க்கப்பட்ட 16-ஏ பிரிவு, உரிமையாளர் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ இறந்தால் இழப்பீடு தரும் பொறுப்பை உரிமையாளர்மீதே வைத்தது. இயற்கைச் சீற்றமோ வீட்டில் குடியிருந்தவரின் தவறோ ‘முழுவதும், நேரடியாகவும்’ காரணமாக இருந்தால் மட்டுமே விலக்கு. இந்த இரண்டு சொற்களை ஒவ்வொரு தோட்ட நிர்வாகியும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். சரியும் மலையின் காலடியில் வீடு கட்டியது யார்? கடும் மழை எச்சரிக்கை வந்தபின்னும் ஆட்களை வேறிடம் மாற்றாதது யார்? மின்சாரம் போனால் செய்தி சொல்ல ஒரு வயர்லெஸ் கருவிகூட வைக்காதது யார்? இந்தக் கேள்விகளுக்கு மனிதர் பெயர் பதிலாக வரும் இடத்தில் இயற்கை மட்டுமே காரணம் என்ற வாதம் நிற்காது. புதிய சட்டத் தொகுப்பிலும் இதே பொறுப்பு தொடர்கிறது. ஏலமலையில் ஓட்டை விழுந்த தகரக் கூரைக்கு அடியில் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்களை அடைத்து வைத்திருப்பவர்கள் அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் இதைக் கணக்கில் எடுக்கட்டும்.

லயம் என்றால் குழந்தைகளும்தான். 2021 ஜூன் 30 அன்று வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரம். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்து, புலன்விசாரணையின் ஓட்டைகளைச் சுட்டியது. அந்த வீட்டுக்கு இன்றும் நியாயம் கிடைக்கவில்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலும், தொழிலாளிப் பெண்களின் குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்திலும் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்பது தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் குழந்தை என்று எண்ணியது ஆறு வயதுக்குட்பட்டவரை மட்டுமே. ஆறு முடிந்த பிள்ளையைப் பள்ளி விட்ட நேரத்திலிருந்து தாய் மலை இறங்கும்வரை யார் பார்ப்பது? சட்டம் விட்ட அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஆயாவின் சம்பளம் போதும். ஒரு நாள் விற்பனையில் ஒரு மூட்டைக் காயின் விலை எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நாம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

யானையைப் பற்றிக் கேட்டால் எல்லாக் கையும் வனத்துறையைக் காட்டும். 2023-இல் அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலில் பிடித்ததையும், அது கம்பம் நகருக்குள்ளேயே வந்ததையும் நாடே பார்த்தது. அது போனபிறகும் 2024 ஜனவரியில் பன்னியாறில் வேலைக்குப் போன பெண் தொழிலாளி யானை தாக்கி இறந்தார். யானை வனத்துறையின் பொறுப்பு. இதில் நாம் மாறுபடவில்லை. ஆனால் யானை இருக்கும் காட்டுக்குள் அதிகாலை இருட்டில் ஆளை அனுப்புவது யானையின் முடிவன்று. வனத்துறையின் எச்சரிக்கையைக் கேட்டு வேலை நேரத்தை ஒரு மணி தள்ளிப்போடவும், அன்றைக்கு வேலையை நிறுத்திக் கூலியைக் கொடுக்கவும் உரிமையாளரால் முடியும். பலத்த மழை எச்சரிக்கை நாட்களில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் தோட்ட வேலைக்குத் தடை போடுகிறது. நிழல்மரக் கிளை முறிந்து ஆள் சாகும் மலை இது என்று அறிந்தே அந்தத் தடை வருகிறது. தடை நாளின் கூலி யார் தருவது என்று எவரும் தீர்மானிக்காததால்தான் தொழிலாளியே மழையில் மலையேறத் துணிகிறார்.

அரசும் நில உரிமையாளர்தான், அதனால் அரசையும் இந்தக் கண்டனத்திலிருந்து விலக்கமாட்டோம். 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேற்றத்துக்கு வந்தவர்கள் 23 பேர் இறந்தார்கள். கோடைக்காலத்தில் காய்ந்த போதைப்புல் சரிவில் அனுமதியில்லாத பாதையில் அந்தக் குழு நடந்ததைத் தடுக்க அங்கே ஆளில்லை. அரசு விசாரணை வைத்தது, அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன, இன்று வழிகாட்டியும் முன்பதிவும் இல்லாமல் யாரும் மேலே போக முடியாது. நல்லது, தாமதமானாலும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வருபவருக்கு இந்தச் சரிவில் விதி எழுத முடிந்த அரசுக்கு, பக்கத்து மலைக்குத் தினமும் போகும் சிலமலைப் பெண்ணுக்கு ஒரு விதி எழுத எட்டு ஆண்டுகளாக ஏன் கைவரவில்லை?

உரிமையாளர்களின் மறுமொழியை நாம் அறிவோம். ஏலக்காய் விலை நிலையில்லை. 7,000 கண்ட காய் பின்பு 1,000-க்கும் கீழே போனது. உரம், மருந்து, கூலி எல்லாம் ஏறிவிட்டன. சிறு தோட்டக்காரர் எங்கே போய்க் காவல் வைப்பார்? இதில் உண்மை இருக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்துத் தானும் மனைவியும் சேர்ந்து காய் எடுப்பவரை நோக்கி நாம் விரல் நீட்டவில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டமும் குறைந்தது 5 ஹெக்டேர், குறைந்தது 15 ஆட்கள் என்றே எல்லை வைத்திருந்தது. அந்த எல்லையைக் காட்டி, குடும்பத்தார் பெயர்களில் நிலத்தைப் பிரித்தெழுதிச் சட்டத்தின் கண்ணில் படாமல் நிற்க முனைபவர்களைத்தான் சொல்கிறோம். காகிதத்தில் நிலம் பிரிந்தாலும் வேலை வாங்கும் கை ஒன்றே என்று காட்டினால் நீதிமன்றத்தின் முன் அந்த மறைப்பு விலகும். தவிர, விலை விழுந்த ஆண்டில் எந்த உரிமையாளரும் ஸ்டோரின் பூட்டைக் கழற்றி வைத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அதிகாரிகளின் அசட்டையும் இந்தத் தைரியத்துக்கு உரம் போடுகிறது. தோட்டம் கேரளத்தில், ஆள் தமிழ்நாட்டில். தோட்ட ஆய்வாளர் கேரள அரசின் ஊழியர். அவரிடம் தேனி மாவட்டத்துப் பெண் போய்ப் பேச வழியில்லை. தேனி மாவட்ட அதிகாரிகளுக்கு எல்லைக்கு அப்பால் கால்வைக்க அதிகாரமில்லை. ஜீப்பை முந்தலில் நிறுத்தும் போக்குவரத்து அதிகாரி விபத்து நடந்த வாரம் மட்டும் கண்டிப்புக் காட்டுகிறார், அடுத்த வாரம் அதே வண்டி அதே பாரத்தோடு ஏறுகிறது. அபராதம் டிரைவரின் கூலியில் கழிகிறது. வண்டியை வரச்சொன்னவருக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போவதில்லை.

இது திருத்தப்பட வேண்டும், இந்தப் பருவத்துக்குள்ளேயே. தேனி, இடுக்கி ஆட்சியர்கள் இருவரும் தொழிலாளர், போக்குவரத்து, காவல், வனத்துறை அலுவலர்களோடு கூட்டுக்குழு அமைத்து ஏலத்தோட்டங்களை நேரில் சோதிக்க வேண்டும். சோதனை அறிக்கையை இரண்டு மாவட்டத்திலும் தமிழில் வெளியிட வேண்டும். ஆளேற்றும் ஒவ்வொரு ஜீப்பும் எந்தத் தோட்டத்துக்கு ஓடுகிறது என்ற பதிவு முந்தல், கம்பம்மெட்டுச் சாவடிகளில் இருக்க வேண்டும், பாரம் மீறினால் நோட்டீஸ் அந்தத் தோட்டத்தின் பெயருக்கே போக வேண்டும். பயணிகளுக்குச் செல்லும் காப்பீடு இல்லாத வண்டி மேலே ஏறக் கூடாது. போடியில் ஏல மையம் நடத்தும் ஸ்பைசஸ் போர்டுக்கும் இதில் வேலை உண்டு: ஏலத்தோட்டப் பதிவுச் சான்றைக் கேட்டு மானியம் தரும் வாரியம், அதோடு சேர்த்து உள்புகார்க் குழு, கழிப்பறை, காப்பகம், ஆள் பதிவேடு ஆகியவற்றுக்கான சான்றையும் கேட்கட்டும். அது இல்லாத பெரிய தோட்டத்துக்கு மானியம் நிற்கட்டும். ஏற்றுமதிக்காகக் காயில் மருந்தின் எச்சத்தைச் சோதிக்கும் வாரியத்துக்கு இதைச் சோதிப்பது சிரமமான காரியமன்று. இழப்பீட்டு வழக்கை விட மலிவானது தடுப்பு என்பதை உரிமையாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இப்போதாவது எடுத்துச் சொல்லட்டும்.

சட்டமன்றத்துக்கும் ஒரு சொல். தங்கும் விடுதியில் பாதுகாப்பில்லாமல் போனதால் 2014 ஜூனில் பொள்ளாச்சியில் இரண்டு சிறுமிகளுக்குக் கொடுமை நேர்ந்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது என்றது. அதே வேகம் இங்கேயும் வேண்டும். இடத்தின் உரிமையாளர் தன் இடத்துக்கு வருபவரின் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்பதைத் தோட்டம், ஆலை, வணிக வளாகம், விடுதி எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதும் சட்டம் ஒன்று வந்தால், ஒவ்வொரு குடும்பமும் 22 ஆண்டு வழக்கு நடத்த வேண்டியிருக்காது.

வேலைக்குப் போகும் தாய்மார்களும் சகோதரிகளும் ஒன்றை அறிந்து வைத்திருங்கள். விபத்தோ தாக்குதலோ தோட்டத்திலோ தோட்டத்து வண்டியிலோ நேர்ந்தால் ‘கேரளத்தில் நடந்தது, அங்கேதான் போக வேண்டும்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். காயம்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ குடியிருக்கும் ஊருக்குரிய இழப்பீட்டு அதிகாரியிடமே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஜீப்பின் எண், தோட்டத்தின் பெயர், கூலி கொடுத்தவரின் பெயர், உடன் வந்த இருவரின் சாட்சி: இந்த நான்கும் கையிலிருந்தால் வழக்கைத் தமிழ்நாட்டிலேயே தொடுக்கலாம்.